வெளியூர் ரசிகராகப் போனால்தான் ஓர் அரங்கத்தின் தரம் தெரியும் என்பது என் கட்சி. உங்கள் கருத்து?

மூலைக்கொடி:

கால்பந்து அரங்கங்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கூரையின் வடிவம், இருக்கைகளின் எண்ணிக்கை, கட்டி முடித்த ஆண்டு என்றே அது ஓடுகிறது. அவை உள்ளூர் ரசிகரும் சுற்றுலாப் பயணியும் பார்க்கும் அரங்கத்தைப் பற்றிய செய்திகள். தன் அணியைத் தொடர்ந்து எதிரணியின் ஊருக்குப் போய், அந்த ஊர்க் கிளப் ஒதுக்கித் தரும் மூலையில் நின்று ஆட்டம் பார்க்கிறவருக்கு அதே கட்டடம் வேறு விதமாகத் தெரிகிறது.

உள்ளூர் ரசிகரைச் சரியாக நடத்தாவிட்டால் அடுத்த பருவத்துக்கு அவர் டிக்கெட் வாங்க மாட்டார் என்ற அச்சம் எந்தக் கிளப்புக்கும் உண்டு. வெளியூர் ரசிகர் விஷயத்தில் அந்த அச்சத்துக்கே வேலையில்லை. அவர் தன் அணிக்காக வருகிறார், எப்படி நடத்தினாலும் அடுத்த ஆண்டும் வந்து நிற்பார். ஆகவே அவருக்குக் கிடைப்பதில் ஒரு பாதி லீக் விதி கட்டாயப்படுத்தியது, மறுபாதி அந்தக் கிளப்பின் குணம்.

இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகின் விதிப்படி வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இடங்களை ஒதுக்க வேண்டும். அரங்கம் 30,000 பேருக்குக் குறைவானது என்றால் மொத்த இடங்களில் 10 சதவீதம் போதும். எத்தனை என்பதை விதி சொல்லிவிடுகிறது. எந்த இடம் என்பதில்தான் குணம் வெளிப்படுகிறது. ஏறத்தாழ 52,000 பேர் அமரும் நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் அந்த இடம் ஏழாவது தளத்தில் இருக்கிறது. மூச்சு வாங்கப் படியேறி மேலே போய் நின்றால், ஆட்டக்காரரின் முதுகில் உள்ள எண்ணைப் படிப்பதே பெரும்பாடு; ஆனால் இரு அணிகளும் நிற்கும் ஒழுங்கும், நடுக்களத்தில் ஆளில்லாமல் கிடக்கும் இடைவெளிகளும் பயிற்சியாளர் பலகையில் வரைந்து காட்டியதுபோலத் துலக்கமாகத் தெரியும். பார்வைக்கு அது ஒரு வரம் என்றே சொல்வேன். குறை ஒலியில்தான். நாம் தொண்டை கிழியப் பாடுவது களத்தில் இருக்கும் நம் ஆட்டக்காரர்களை எட்டுவதற்குள் தேய்ந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிர், லூட்டனின் கெனில்வொர்த் ரோடு. வெறும் 12,000 பேருக்கான அந்த அரங்கத்தில் வெளியூர் ரசிகர்கள் நுழையும் வழி, ஓக் ரோடு என்ற தெருவின் வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு வீட்டுக் கதவுகளுக்கு இடையே உள்ளே போய்ப் படியேறினால் இரு பக்கமும் யார் யாருடைய கொல்லைப்புறங்களோ தெரியும். உள்ளே கால் நீட்ட இடமில்லை, தூண்கள் வேறு மறைக்கும். 2023-24இல் பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடந்தபோது பலர் கேலி செய்தார்கள். ஆனால் அங்கே தாழ்ந்த கூரைக்கு அடியில், கோலுக்கு நேர் பின்னால், களத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் லூட்டனுக்குப் போவேன்.

நடுக்கோடு:

மூலைக்கொடி அவர்களின் வாதம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு மூலையிலிருந்து பார்ப்பவர் முழு அரங்கத்துக்கும் மதிப்பெண் போடுவது எப்படி நியாயமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியூர் ரசிகர் அரங்கத்துக்குள் சுற்றி நடக்க முடியாது. தனி வாயிலில் நுழைந்து, தனிக் கூடத்தில் காத்திருந்து, தனி வழியில் வெளியேறுகிறார். இரு தரப்புக்கும் இடையே வலை போர்த்தி மூடிய காலி இருக்கை வரிசைகளும், அவற்றின் ஓரமாக மஞ்சள் மேலங்கி அணிந்து களத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் பணியாளர்களுமே அவர் அதிகம் பார்ப்பவை. ஓர் ஊருக்குப் போய்க் காவல் நிலையத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் என்ன ஊர் தெரியும்?

எந்த அணிக்கும் சார்பில்லாமல் போகிறவரே அரங்கத்தை முழுமையாகப் பார்க்கிறார். ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜில் பட்னி முனையில் நடுநிலையாளர்களுக்கென்றே ஒரு பகுதி பல ஆண்டுகள் இருந்தது. இரு அணி ரசிகர்களும் அங்கே அடுத்தடுத்து உட்கார்ந்து பார்த்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. ஜெர்மனியின் டார்ட்மண்டில் தெற்கு ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று எழுப்பும் மஞ்சள் சுவரைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து நடுநிலையாளர்கள் போகிறார்களே, அவர்கள் பார்ப்பது அரங்கம் இல்லையா?

மூலைக்கொடி:

நண்பரே, நீங்கள் எடுத்த உதாரணமே என் பக்கம் பேசுகிறது. டார்ட்மண்டில் வெளியூர் ரசிகர்களின் இடம் வடக்கு ஸ்டாண்டின் மூலையில் இருக்கிறது. மஞ்சள் சுவருக்குள் நிற்கிறவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும். அந்தச் சுவர் முழுவதும் தெரிவது அதற்கு எதிரே நிற்கிறவருக்கு. தவிரவும், 25,000 பேர் உங்கள் அணி தோற்க வேண்டும் என்று பாடுவதைக் கேட்பதற்கும், யார் வென்றாலும் சரி என்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

கடைசிரயில்:

இருவரும் அரங்கத்துக்கு உள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியூர் ரசிகரின் நாள், வீட்டுக் கதவில் தொடங்கி வீட்டுக் கதவில் முடிகிறது. அதில் ஆட்டம் என்பது வெறும் 90 நிமிடம்.

தொலைக்காட்சிக்காக ஆட்டத்தின் நாளும் நேரமும் மாற்றப்படும்போது உள்ளூர் ரசிகருக்கு இரவு உணவு தள்ளிப்போகிறது, வெளியூர் ரசிகருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. இங்கிலாந்தின் தென்கோடியிலிருந்து திங்கள் இரவு 8 மணி ஆட்டத்துக்கு நியூகாசில் போனவருக்கு அன்றிரவே ரயிலில் வீடு திரும்ப வழி கிடையாது. ஜெர்மனியில் 2017-18இல் முதல்நிலை லீகான பண்டஸ்லிகா திங்கள் ஆட்டங்களைக் கொண்டுவந்தபோது, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளைக் களத்தில் வீசியும், பாடாமல் மௌனமாக நின்றும், வராமல் இருந்தும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2021-22 முதல் அந்த ஆட்டங்கள் கைவிடப்பட்டன. இதில் முன்னால் நின்றவர்களில் உள்ளூர் ரசிகர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வாரம் உள்ளூர்க்காரராக இருப்பவர் அடுத்த வாரம் வெளியூர்க்காரர் என்பதை அவர்கள் மறக்கவில்லை. பல ஜெர்மன் கிளப்புகளின் டிக்கெட்டைக் காட்டி ஆட்டநாளில் நகரப் பேருந்திலும் ரயிலிலும் தனிக் கட்டணமின்றிப் போகலாம் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது. ஓர் அரங்கத்துக்கு மதிப்பெண் போடுவதென்றால் இந்தப் பயண வசதிக்கு நான் கூரையைவிட அதிகம் போடுவேன்.

நெதர்லாந்தில் வேறு விதம். சிக்கலானவை என்று வகைப்படுத்திய ஆட்டங்களுக்கு, கிளப் ஏற்பாடு செய்யும் பேருந்தில் போக ஒப்புக்கொண்டால்தான் வெளியூர் டிக்கெட் கிடைக்கும். ஏறிய இடத்திலிருந்து அரங்க வாசல் வரை, அங்கிருந்து மீண்டும் ஏறிய இடம் வரை. நடுவில் அந்த ஊரின் ஒரு தெருவைக்கூட மிதிக்க முடியாது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்டத்துக்கு ரசிகர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தில் மது வைத்திருப்பதையே குற்றமாக்கியது. நியாயமா இல்லையா என்பது தனி விவாதம். இதே இழையில் அதைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொலைவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் பெர்த் குளோரி அணியின் ரசிகர், அதே லீகில் ஆடும் நியூசிலாந்து அணியான வெலிங்டன் ஃபீனிக்ஸுக்கு எதிரான வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டுமானால் கண்டத்தையும் கடலையும் கடந்து 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும், அதுவும் உள்நாட்டு லீக் ஆட்டத்துக்கு. அப்படி வந்து சேர்ந்த ஒரு சிறு கும்பலிடம் போய் எங்கள் கூரை எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

கூடுதல்நேரம்:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

2013 ஜனவரியில் ஆர்சனல் அரங்கத்தில் நடந்த ஆட்டத்துக்கு மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கான டிக்கெட் 62 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட 3,000 டிக்கெட்டுகளில் 912 விற்காமல் திரும்பி வந்தன. அதே ஆண்டு, வெளியூர் டிக்கெட் 20 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ரசிகர் கூட்டமைப்பு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2015 அக்டோபரில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் ரசிகர்கள் அதே அரங்கத்துக்கு வந்து, 64 பவுண்டு கட்டணத்தைக் கண்டித்து முதல் ஐந்து நிமிடம் தங்கள் பகுதியைக் காலியாக விட்டார்கள். காலி இருக்கைகள் தொலைக்காட்சியில் நன்றாகவே தெரிந்தன. 2016-17 பருவத்திலிருந்து பிரீமியர் லீகில் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு என்ற உச்சவரம்பு வந்தது. கேட்டது 20, கிடைத்தது 30 என்றாலும், உள்ளூர் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போன ஆண்டுகளில் அந்த வரம்பு அசையாமல் நின்றது சாதாரண வெற்றி அல்ல. ஐரோப்பியப் போட்டிகளிலும் ஐரோப்பியக் கால்பந்து நிர்வாக அமைப்பான யூஈஎஃப்ஏ இதைப் பின்பற்றி, சாம்பியன்ஸ் லீகில் வெளியூர் டிக்கெட்டுக்கு 2024-25இல் 60 யூரோ, 2025-26இல் 50 யூரோ என்று வரம்பைக் குறைத்தது. ஆனால் அங்கே ஒதுக்கீடு அரங்கத்தில் 5 சதவீதம்தான்.

மலிவான டிக்கெட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. விலை குறைந்ததும் வெளியூர் டிக்கெட்டுக்குப் போட்டி கூடிவிட்டது. பெரிய கிளப்புகள் முன்பு போன ஆட்டங்களின் எண்ணிக்கையை வைத்துப் புள்ளி கொடுத்து, புள்ளி அதிகம் உள்ளவருக்கே முதலில் விற்கின்றன. முன்பு போனவரே மறுபடியும் போகிறார். போகாதவருக்குப் புள்ளி சேரவே வழியில்லை. பல வெளியூர்ப் பகுதிகளில் இருபது வயதுக்காரரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. மூலைக்கொடி சொல்லும் மதிப்பெண்ணில் ஒரு பங்கை வெளியூர் ரசிகரின் சொந்தக் கிளப்புக்கும் கழிக்க வேண்டும்.

கிளப்பின் குணம் என்றீர்களே, அதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைவிடத் தெளிவான சான்று இல்லை; ரேஞ்சர்ஸ், செல்டிக் என்ற இரு பரம எதிரிகளும் அதே ஊர். ரேஞ்சர்ஸ் அரங்கத்தில் ஒரு முழு ஸ்டாண்டே செல்டிக் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டு வந்தது. 2018இல் ரேஞ்சர்ஸ் அந்த ஒதுக்கீட்டை 800 அளவுக்கு வெட்டி, மீதியைத் தன் ரசிகர்களுக்குச் சீசன் டிக்கெட்டாக விற்றது. செல்டிக்கும் பதிலுக்கு அதையே செய்தது. இரண்டு ஸ்டாண்டுகள் ஒன்றையொன்று பார்த்து முழங்கிய ஆட்டம், ஒரு தரப்பு மட்டுமே முழங்கும் ஆட்டமாகிவிட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டவில்லை பாருங்கள். இருக்கைகளை யாருக்கு விற்பது என்ற கணக்குதான்.

நடுக்கோடு:

கணக்கு இருக்கட்டும். வெளியூர் ரசிகரே இல்லாத லீகுகளும் நடக்கத்தானே செய்கின்றன? அர்ஜென்டினாவில் 2013 முதல் பல ஆண்டுகள் வெளியூர் ரசிகர்களுக்குத் தடை இருந்தது. நெதர்லாந்தில் அஜாக்ஸும் ஃபேயநோர்டும் மோதும் ஆட்டங்களில் 2009 முதல் வெளியூர் ரசிகர்களுக்கு இடமில்லை. பிரான்சில் குறிப்பிட்ட ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்கள் வரக் கூடாது என்று உள்துறை அமைச்சகமோ மாவட்ட நிர்வாகமோ ஆணையிடுவது வழக்கமான செய்தி. அந்த அரங்கங்களுக்கெல்லாம் பூச்சியம் போட்டுவிடுவீர்களா?

மூலைக்கொடி:

ஆம், தயங்காமல் போடுவேன்.

அர்ஜென்டினாவில் நடந்ததைச் சற்று நின்று பாருங்கள். 2013 ஜூனில் லா பிளாட்டா அரங்கத்துக்கு வெளியே உயிரிழந்தவர் லானுஸ் அணியின் ரசிகர், அதாவது வெளியூரிலிருந்து வந்தவர். அவரைத் தாக்கியது காவல்துறையினர் சுட்ட ரப்பர் குண்டு. அதற்குப் பிறகு தடை செய்யப்பட்டவர்கள் வெளியூர் ரசிகர்கள். குண்டடி பட்ட தரப்பையே வீட்டில் இருக்கச் சொன்ன இந்தத் தீர்வை எந்தத் தர்க்கத்தில் சேர்ப்பது? தடைக்குப் பிறகும் வன்முறை நிற்கவில்லை. 2018இல் தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான கோப்பா லிபர்டடோரஸ் இறுதியாட்டத்தில் ஒரே நகரத்து எதிரிகளான ரிவர் பிளேட்டும் போகாவும் மோதியபோது, இரண்டாம் சுற்றுக்கு ரிவர் பிளேட் அரங்கத்தில் போகா ரசிகர்களுக்கு அனுமதியே கிடையாது. இருந்தும் போகா ஆட்டக்காரர்களின் பேருந்து தாக்கப்பட்டு, ஆட்டம் தள்ளிப்போய், கடைசியில் டிசம்பர் 9 அன்று மத்ரித்தின் பெர்னபேயு அரங்கத்தில் நடந்தது. சொந்த நகரத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாதவர்கள் என்று சொல்லப்பட்ட இரு தரப்பினரும் கடல் கடந்து வந்து ஒரே அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

வலைக்குப்பின்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உயிர்ப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இதை விட்டுவிட்டு வெளியூர்ப் பகுதிகளைப் பற்றிப் பேச முடியாது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை அரையிறுதி நடந்தது. இரு அணிக்கும் அது வெளியூர். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டது லெப்பிங்ஸ் லேன் முனை. அங்கே நின்று பார்க்கும் டிக்கெட் வைத்திருந்த 10,100 பேருக்கு ஏழே சுழல்வாயில்கள். நெரிசலைக் குறைக்க வெளியேறும் கதவு ஒன்றைக் காவல்துறை திறந்துவிட்டது. உள்ளே நுழைந்தவர்கள் எதிரே தெரிந்த சுரங்க வழியாக, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்குள் போனார்கள். பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. முன்னால் கம்பி வேலி. 97 பேர் இறந்தார்கள். பழி முதலில் ரசிகர்கள் மேல் போடப்பட்டது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்றும் மரண விசாரணையின் ஜூரி தீர்ப்புச் சொல்ல 2016 வரை ஆயிற்று. அந்தச் சம்பவத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்ததைத் தொடர்ந்து மேல்நிலை அரங்கங்களில் வேலிகள் போயின, எல்லா இடமும் இருக்கைகளாயின. பாதுகாப்பான தடுப்புக் கம்பிகளுடன் மீண்டும் நின்று பார்க்கும் பகுதிகளுக்கு இங்கிலாந்தின் மேல்நிலை லீகுகளில் 2022 ஜனவரியில்தான் முதல் அனுமதி கிடைத்தது.

அதே 2022இல், மே 28 அன்று, பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்குப் போன லிவர்பூல் ரசிகர்கள் செல்லுபடியாகும் டிக்கெட்டுடன் குறுகிய வழிகளில் மணிக்கணக்கில் அடைபட்டு, கண்ணீர்ப்புகையை வாங்கிக்கொண்டு நின்றார்கள். அன்றும் முதல் விளக்கம் ரசிகர்கள் தாமதமாக வந்தார்கள் என்பதே. முதன்மைப் பொறுப்பு யூஈஎஃப்ஏவுக்கே என்று அது நியமித்த தனிக்குழுவே 2023 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது.

வெளியூரிலிருந்து வருகிறவர் முதலில் ஆபத்து, பிறகுதான் பார்வையாளர் என்று திட்டம் போடுகிற இடத்தில் வாயில்கள் குறையும், வழிகள் குறுகும். எனவே நான் புதிய அரங்கத்துக்குப் போனால் பார்ப்பது வெளியூர்ப் பகுதிக்கு எத்தனை வாயில், அவை எவ்வளவு அகலம், உள்ளே போன பிறகு ஆள்களைப் பக்கவாட்டில் பிரித்து அனுப்ப யாராவது நிற்கிறார்களா என்பதை மட்டுமே.

நான்குசக்கரம்:

நான் சக்கர நாற்காலியில் ஆட்டத்துக்குப் போகிறவன். மூலைக்கொடி அவர்கள் நியூகாசிலின் படிகளையும் லூட்டனின் படிகளையும் ஒப்பிட்டதைச் சிரித்துக்கொண்டே படித்தேன்.

பழைய அரங்கங்கள் சிலவற்றில் வெளியூர்ப் பகுதியில் சக்கர நாற்காலிக்கு மேடை இல்லை. எங்களை உள்ளூர் ரசிகர்களுக்கு நடுவில் உட்கார வைப்பார்கள். அப்படி ஓர் அரங்கத்தில் எங்கள் அணி கடைசி நிமிடத்தில் கோல் அடித்தது. எதிர் மூலையில் என்னுடன் பயணம் செய்து வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நான் என் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டு, முகத்தில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெளியே போய்க் கத்துங்கள் என்று மெதுவாகச் சொன்னார்; நல்ல மனிதர். ஆனால் ஒரு ரசிகன் தன் மகிழ்ச்சியை இன்னொருவரின் நல்ல மனத்தை நம்பி வைத்திருக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. பிரீமியர் லீக் கிளப்புகள் 2017 ஆகஸ்டுக்குள் அணுகல் வசதி வழிகாட்டியின் தரத்தை எட்டுவதாக உறுதியளித்து, அதன் பிறகு பல அரங்கங்களில் நிலைமை மாறியது. கீழ்நிலை லீகுகளில் இன்னும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டே கிளம்ப வேண்டியிருக்கிறது.

மூலைக்கொடி:

நான்குசக்கரம் அவர்களே, என் அளவுகோலுக்கு இதைவிடக் கூர்மையான சோதனை கிடையாது. சக்கர நாற்காலியில் வரும் வெளியூர் ரசிகரைத் தன் ஆள்களோடு சேர்த்து உட்கார வைக்க முடியாத அரங்கத்துக்கு, அது எத்தனை கோடியில் கட்டியதாக இருந்தாலும், பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கிடையாது.

நடுக்கோடு:

அந்த இடத்தில் நான் மறுப்புச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் வெளியூர் ரசிகர்களைத் தனியாக அடைப்பதே எல்லாச் சிக்கலுக்கும் வேர் என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் காம்ப் நோவில் ஃப்ராங்க்ஃபர்ட் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டவை 5,000 இடங்கள். உள்ளூர்ச் சீசன் டிக்கெட்காரர்கள் விற்றதை வாங்கி ஏறத்தாழ 30,000 பேர் வெள்ளைச் சட்டையில் அரங்கமெங்கும் பரவி உட்கார்ந்தார்கள். அவர்களுடைய அணி 3-2 என்று வென்றது, பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை.

கூடுதல்நேரம்:

ஃப்ராங்க்ஃபர்ட் ரசிகர்கள் இன்றும் பெருமையாகப் பேசும் இரவு அது. பார்சிலோனா ரசிகர்களுக்கோ, தங்கள் வீட்டிலேயே விருந்தாளியாக நின்ற இரவு. அவர்களில் தீவிரமான ஒரு பகுதியினர் இரண்டாம் பாதியில் சிறிது நேரம் தங்கள் இடத்தை விட்டே வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள். எல்லை வேண்டாம் என்பதைவிட, எல்லைக்கு உள்ளே மரியாதை வேண்டும் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

புதுச்சட்டை:

நிர்வாகிகள் மன்னிக்க வேண்டும், ஒரு சிறு கேள்வி. வெளியூர்ப் பகுதிக்கு முதன்முறையாக டிக்கெட் கிடைத்திருக்கிறது. ஏற்கெனவே போனவர்கள் எதை முதலில் பார்க்கச் சொல்வீர்கள்?

கடைசிரயில்:

திரும்பி வரும் வண்டியை முதலில் பாருங்கள். இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் ஆட்டம் முடிந்ததும் வெளியூர் ரசிகர்களை உள்ளேயே நிறுத்தி வைத்து, உள்ளூர்க் கூட்டம் கலைந்த பிறகு வெளியே விடுவது சாதாரணம். அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். நேரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். விசில் ஊதியதிலிருந்து கணக்குப் போட்டுக் கடைசி ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள்.

அடுத்து, டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வாயில் எண்ணை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். வெளியூர் வாயில் பெரும்பாலும் முதன்மை வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும், அரங்கத்தைச் சுற்றி நடக்கும் வழியை ஆட்டநாளில் அடைத்திருப்பார்கள். பெரிய பையைக் கொண்டுபோகாதீர்கள். பல அரங்கங்களில் அனுமதியில்லை, வெளியூர்க்காரருக்குப் பாதுகாப்பாக வைக்க இடமும் கிடைக்காது. அணிச் சட்டையின் மேல் ஒரு சாதாரண மேலங்கி போட்டுக்கொண்டு போய், உள்ளே போன பிறகு கழற்றிக்கொள்ளுங்கள்.